வேகப் புதிர் அட்டைப் பெட்டி: 31ஆம் அட்டைக்காகவே வாங்கலாம்

அண்ணன் மகனின் 13ஆவது பிறந்தநாளுக்கு வாங்கிய பெட்டி இது. கொடுத்த அன்று மாலையே, "அத்தை, நீங்களும் உட்காருங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும்" என்றான். அன்று உட்கார்ந்ததுதான். இரண்டு மாதமாக வாரக் கடைசிகளில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அட்டைகளை விரிக்கிறோம். மொத்தம் 60 அட்டைகள். 54 முடிந்திருக்கின்றன. தயாரித்தவர்கள் யார் என்று இங்கே எழுதவில்லை. ஒரு பிழையைப் பற்றி விரிவாகச் சொல்லப்போகிறேன். அவர்களுக்குத் தனியாகக் கடிதமும் போட்டிருக்கிறேன். திருத்திக்கொள்ள அவர்களுக்கு நேரம் கொடுப்பதே முறை.

புதிர்கள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை: நகரும் இருவர் எப்போது சந்திப்பார்கள், எத்தனை முறை சந்திப்பார்கள், தற்செயலாகச் சந்திக்க எவ்வளவு வாய்ப்பு. பெட்டிக்குள் அட்டைகளோடு மடித்து வைக்கும் துணிப்பலகை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் நேர்ப்பாதை, மறுபக்கம் 60 கட்டங்கள் கொண்ட வட்டப் பாதை. கூடவே ஆறு மரக்காய்கள்.

இந்தக் காய்களைத்தான் முதலில் பாராட்டவேண்டும். ஒரு சுற்றில் ஒவ்வொரு காயும் தன் வேகத்துக்கு ஏற்ற கட்டங்கள் நகரவேண்டும் என்பதே விதி. பின்னால் இருப்பது மூன்று கட்டம், முன்னால் இருப்பது இரண்டு கட்டம், இடைவெளி பன்னிரண்டு. சுற்றுக்கு ஒரு கட்டம் வீதம் இடைவெளி குறைவதைக் கை உணர்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கும் காயை நகர்த்திய பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை நான் கண்ணெதிரே பார்த்தேன். பள்ளியில் சார்பு வேகக் கணக்கு என்றாலே, கூட்டுவதா கழிப்பதா என்று தடுமாறியவன் இவன். நான்காம் அட்டைக்குப் பிறகு அந்தக் கேள்வியே அவனிடமிருந்து வரவில்லை.

ஒவ்வொரு பகுதியும் ஒரு பழங்கணக்கோடு தொடங்குகிறது. ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையான சீனக் கணித நூல் ஒன்றிலிருந்து ஒரு வாத்தும் ஒரு காட்டு அன்னமும் வருகின்றன. வாத்து தென்கடலிலிருந்து வடகடலுக்கு 7 நாளில் பறக்கும். அன்னம் வடகடலிலிருந்து தென்கடலுக்கு 9 நாளில் பறக்கும். ஒரே நேரத்தில் கிளம்பினால் எப்போது சந்திக்கும்? "ஏழும் ஒன்பதும் கூட்டினால் பதினாறு, சராசரி எட்டு, பாதி வழியில் சந்திப்பு, நான்கு நாள்" என்று பையன் மளமளவென்று சொன்னான். சரியான விடை 63/16 நாள். ஒரு நாளில் வாத்து ஏழில் ஒரு பங்கு கடக்கிறது, அன்னம் ஒன்பதில் ஒரு பங்கு கடக்கிறது. இரண்டையும் கூட்டினால் 16/63. அவன் சொன்னதற்கும் சரியான விடைக்கும் நாளில் பதினாறில் ஒரு பங்குதான் வேறுபாடு, அதாவது ஒன்றரை மணி நேரம். "இவ்வளவு கிட்டத்தில் வந்தும் தப்பா?" என்று அவன் கேட்ட கேள்வி முக்கியமானது. நாள்களைச் சராசரி எடுக்கக்கூடாது, வேகங்களைத்தான் கூட்டவேண்டும் என்பதை அந்த ஒன்றரை மணி நேரம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. ஏழுக்கும் ஒன்பதுக்கும் பதிலாக ஒன்றும் ஒன்பதும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவன் வழியில் இரண்டரை நாள். அதற்குள் ஒரு நாளில் கடல் தாண்டும் பறவை போய்ச் சேர்ந்து ஒன்றரை நாள் ஆகியிருக்கும். அவனே தலையில் கை வைத்துக்கொண்டான்.

இன்னொரு பகுதி ஆரியபட்டரோடு தொடங்குகிறது. கி.பி. 499ஐச் சேர்ந்த அவருடைய நூலில் இதற்கான விதி நேராகவே இருக்கிறது: எதிரெதிரே வருகிற இரண்டுக்கு இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகு, ஒரே திசையில் செல்பவற்றுக்கு வேகங்களின் வித்தியாசத்தால் வகு. கோள்கள் சந்திக்கும் காலத்தை அறிவதற்காக எழுதிய விதி. அதே நூலில், படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கிப் போவதாகத் தெரிவதுபோல, அசையாத விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்றும் சொல்கிறார். இரண்டையும் ஒரே அட்டையில் சேர்த்து அச்சிட்டவர் யாரோ, இந்தப் பொருளை உண்மையாகவே நேசிப்பவர். ஏனென்றால் அடுத்த அட்டை படகுக் கணக்கு. ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுகிறவனின் தொப்பி தண்ணீரில் விழுகிறது. பத்து நிமிடம் கழித்துத்தான் கவனிக்கிறான். திரும்பி அதே வலுவோடு துடுப்புப் போட்டு, விழுந்த இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் கீழே அதைப் பிடிக்கிறான். ஆற்றின் வேகம் என்ன? கரையில் நின்று கணக்குப் போட்டால் எக்ஸ், ஒய் என்று பக்கம் நிறையும். தொப்பியில் உட்கார்ந்து பார்த்தால் படகு பத்து நிமிடம் விலகிப் போனது, பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது, அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர்; மணிக்கு மூன்று. துடுப்புப் போட்டவன் பலசாலியா நோஞ்சானா என்பது கணக்குக்குள்ளேயே வரவில்லை.

கப்பல் அட்டையையும் சொல்லவேண்டும். பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்காவின் புதிர் அது. நாள்தோறும் நண்பகலில் லெ ஹாவ்ரிலிருந்து ஒரு கப்பல் நியூயார்க்குக்குக் கிளம்புகிறது. அதே நேரத்தில் நியூயார்க்கிலிருந்து ஒன்று லெ ஹாவ்ருக்குக் கிளம்புகிறது. பயணம் ஏழு நாள். இன்று கிளம்பும் கப்பல் வழியில் எத்தனை கப்பல்களைச் சந்திக்கும்? ஏழு என்றுதான் பலரும் சொல்வார்கள், அவனும் சொன்னான். ஏற்கெனவே கடலில் வந்துகொண்டிருப்பவற்றை மறந்துவிடுகிறோம். நடுக்கடலில் 13, கிளம்பும்போது துறைமுகத்தில் நுழைவது ஒன்று, போய்ச் சேரும்போது அங்கிருந்து புறப்படுவது ஒன்று, ஆக 15. துறைமுகச் சந்திப்புகளும் சேர்த்தி என்று அட்டை தெளிவாகச் சொல்லியிருப்பது பாராட்டுக்குரியது. அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் பதின்மூன்றா பதினைந்தா என்று வீட்டில் சண்டைதான்.

இனி 31ஆம் அட்டை.

"ஒரு வட்டப் பாதையில் எல்லோரும் ஒரே திசையில், அவரவர் வேகம் மாறாமல் ஓடுகிறார்கள். நீங்களும் ஓடுகிறீர்கள். நீங்கள் பிறரை முந்திய தடவைகளும் பிறர் உங்களை முந்திய தடவைகளும் சமமாக இருக்கின்றன. உங்கள் வேகத்தைப் பற்றி என்ன சொல்லலாம்?" அருமையான கேள்வி. பின்பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டிருந்த விடை இது: "ஓடுபவர்களில் பாதிப் பேர் உங்களைவிட மெதுவானவர்கள், பாதிப் பேர் வேகமானவர்கள்."

படித்ததும் எனக்கு உடம்பு நிமிர்ந்துவிட்டது. நான் எட்டு ஆண்டுகள் சாலைப் போக்குவரத்துக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவள். ஓடும் காரில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணியே வருடங்கள் போயிருக்கின்றன. அந்த முறையை வார்ட்ராப், சார்ல்ஸ்வர்த் என்ற இருவர் 1954இல் வெளியிட்டார்கள். சாலையின் ஒரு திசைப் போக்குவரத்துக்கு எதிரே காரை ஓட்டி, எதிர்ப்படும் வண்டிகளை எண்ணவேண்டும். பிறகு திரும்பி அதே போக்குவரத்தோடு சேர்ந்து ஓட்டி, நம்மை முந்திய வண்டிகளிலிருந்து நாம் முந்திய வண்டிகளைக் கழிக்கவேண்டும். இரண்டு எண்களையும் கூட்டி, இரண்டு பயணங்களின் மொத்த நேரத்தால் வகுத்தால், அந்தச் சாலையில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை வண்டிகள் போகின்றன என்பது கிடைக்கும். சாலையோரம் ஒரு நாள் முழுக்க நிற்காமலேயே! முந்தியதும் முந்தப்பட்டதும் சமமானால் நம் கார் அந்தப் போக்குவரத்தின் சராசரி வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். சராசரி வேகம். வேக வரிசையில் நடுவில் நிற்கும் ஆளின் வேகம் அல்ல.

"அட்டை தப்பு" என்றேன். "அச்சிலேயே வந்திருக்கிறதே அத்தை" என்றான். வாதாடவில்லை. துணிப்பலகையை வட்டப் பாதைப் பக்கம் திருப்பினேன். ஆறு காய்கள் இருந்தது எவ்வளவு வசதி! நான்கு காய்களுக்குச் சுற்றுக்கு 4 கட்டம். ஒரு காய்க்கு 9 கட்டம். எங்கள் சிவப்புக் காய்க்கு 5 கட்டம். ஆறையும் வட்டத்தில் மனம்போன இடங்களில் வைத்தோம். காய்களை நகர்த்துவது அவன் வேலை, முந்தும்போதெல்லாம் தாளில் கோடு போடுவது என் வேலை. அறுபது சுற்றுகள், மொத்தம் 360 நகர்த்தல்கள். முப்பதாம் சுற்றுக்கு மேல் அவன் விரல் ஆறு காய்களையும் தாளம் தப்பாமல் தள்ளத் தொடங்கிவிட்டது: நாலு, நாலு, நாலு, நாலு, ஒன்பது, ஐந்து. ஒன்பது கட்டக் காய் வளைந்து வளைந்து வந்து எங்கள் சிவப்பைத் தாண்டும்போதெல்லாம் "வந்துவிட்டான்" என்று அவன் சொல்வான், நான் கோடு போடுவேன். முடிவில் தாளின் இடப்பக்கம் நான்கு கோடுகள், வலப்பக்கம் நான்கு கோடுகள். மெதுவான நான்கு காய்களையும் நாங்கள் ஆளுக்கு ஒரு முறை முந்தினோம். வேகமான ஒற்றைக் காய் எங்களை நான்கு முறை முந்தியது.

நான்குக்கு நான்கு, சமம். ஆனால் ஐந்து பேரில் நான்கு பேர் எங்களைவிட மெதுவானவர்கள்! பாதிக்குப் பாதி எங்கே இருக்கிறது? நான்கு நாலு பதினாறு, ஒன்பதும் சேர்ந்து இருபத்தைந்து, ஐந்தால் வகுத்தால் ஐந்து. சிவப்புக் காயின் வேகம் ஐந்து. அவன் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்படியென்றால் ஆளை எண்ணவில்லை, சந்திப்பைத்தான் எண்ணுகிறோம்" என்றான். அதேதான். ஒருவரை எத்தனை முறை முந்துவோம் என்பது அவருக்கும் நமக்கும் உள்ள வேக வித்தியாசத்தைப் பொறுத்தது. அதிக வித்தியாசம் உள்ளவர் அடிக்கடி கண்ணில் படுவார். ஒரே ஒருவர் நான்கு பேருக்குச் சமமாகக் கணக்கில் ஏறிவிடுவார்.

இந்தப் பிழை எப்படிக் கண்ணில் படாமல் போனது என்பதும் பெட்டிக்குள்ளேயே தெரிகிறது. 32ஆம் அட்டையின் பாதையில் 100 பேர்: மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் 20 பேர், 9 கிலோமீட்டரில் 60 பேர், 12 கிலோமீட்டரில் 20 பேர். இரு பக்கமும் சமச்சீராக இருப்பதால் சராசரியும் நடு ஆளும் ஒன்றாகிவிடுகின்றன. அதை மட்டும் வைத்துச் சரிபார்த்திருந்தால் 31ஆம் அட்டையின் விடை சரியென்றே தோன்றும்.

அந்த 32ஆம் அட்டை தன்னளவில் பொன். ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் நீங்களும் மணிக்கு 9 கிலோமீட்டர் ஓடினால் ஒரு மணி நேரத்தில் யார் யாரை எத்தனை முறை கடப்பீர்கள்? மெதுவான 20 பேரை ஆளுக்கு மூன்று முறை, மொத்தம் 60. வேகமான 20 பேர் உங்களை ஆளுக்கு மூன்று முறை, மொத்தம் 60. உங்கள் வேகத்திலேயே ஓடும் 60 பேரை? ஒரு முறைகூட இல்லை. உலகத்தில் பாதிப் பேர் ஊர்கிறார்கள், பாதிப் பேர் பறக்கிறார்கள், நம்மைப்போல ஒருவருமில்லை என்றுதான் அங்கே ஓடுகிறவருக்குத் தோன்றும். நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கும் இதே எண்ணம் வருவதை நான் வேலையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 33ஆம் அட்டை ஒரே ஒரு மாற்றம் கேட்கிறது: திரும்பி எதிர்த்திசையில் ஓடுங்கள். இப்போது மெதுவானவர்கள் 300 முறை, உங்கள் வேகக்காரர்கள் 1080 முறை, வேகமானவர்கள் 420 முறை எதிர்ப்படுவார்கள். மொத்தம் 1800 சந்திப்புகளில் சரியாக 60 விழுக்காடு உங்கள் வேகக்காரர்கள். பாதையில் உண்மையில் இருக்கும் பங்கும் அதுவே.

எண்ணும் வேலையைத்தான் எட்டு ஆண்டுகள் செய்தேன். ஆனாலும் இந்த அட்டையைப் படித்த இரவு தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாகக் காலையில் பூங்காவின் வட்டப் பாதையில் ஓடுகிறேன். அதுவும் ஒரு கிலோமீட்டர். என் வேகமும் ஏறக்குறைய ஒன்பதுதான். அங்கே எனக்கு இணையாக ஓடுகிறவர் எவருமில்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். திசை பற்றி அங்கே விதி எதுவும் இல்லை, பழக்கத்தால்தான் எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறோம். மறுநாள் பையனையும் எழுப்பி அழைத்துப்போய், ஸ்டாப்வாட்ச்சோடு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு எதிர்த்திசையில் ஓடத் தொடங்கினேன்.

முதல் சுற்றிலேயே, வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு பெண்மணி எதிரே வந்தார். அதுவரை பார்த்திராத முகம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எதிரே வந்தார். ஒவ்வொரு முறை அவரைக் கடக்கும்போதும் கையை உயர்த்தினேன், பையன் குறித்துக்கொண்டான். மூன்று நிமிடம் பதினெட்டு வினாடி. மூன்று நிமிடம் இருபத்திரண்டு. மூன்று நிமிடம் இருபது. இரண்டு பேரும் ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே ஓடினால் ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் 200 வினாடிக்கு ஒரு முறை சந்திக்கவேண்டும்; அதாவது மூன்று நிமிடம் இருபது வினாடி. ஓட்டம் முடிந்ததும் நின்று பேசினோம். பதினொரு மாதமாக அதே நேரத்துக்கு அதே பாதைக்கு வருகிறாராம். பாதையின் மறுகோடியில் என் கண்ணுக்கும் அவர் கண்ணுக்கும் எட்டாமல் பதினொரு மாதம் ஓடியிருக்கிறோம். இப்போது வாரத்தில் மூன்று நாள் சேர்ந்து ஓடுகிறோம்.

தற்செயலைப் பற்றிய கடைசிப் பகுதி இவ்வளவு வலுவானதல்ல. ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு கணத்தில் வரும் இரு நண்பர்கள் ஆளுக்கு 15 நிமிடம் காத்திருந்தால் சந்திக்கும் நிகழ்தகவு 7/16 என்ற புதிர் அதில் இருக்கிறது. அதற்குப் படமே விடை. வரைபடத் தாளில் 60க்கு 60 சதுரம் வெட்டி, சந்திக்காத இரண்டு மூலைகளையும் கத்தரித்து ஒன்றோடொன்று ஒட்டவைத்தான் பையன். 45க்கு 45 சதுரம் ஒன்று கச்சிதமாக அமைந்தது. ஆனால், நண்பர்கள் எந்தக் கணத்திலும் வர ஒரே அளவு வாய்ப்பு உண்டு என்பதை அட்டை சொல்லவே இல்லை. வெறும் "தற்செயலாக வருகிறார்கள்" என்றால் கணக்கு நிற்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் வீதம் இரு திசையிலும் ஓடும் நிலையத்தில், ஒரு திசை ரயில் மற்றதற்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தால், எது முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறவர் பத்தில் ஒன்பது முறை ஒரே பக்கம் போய்விடுவார் என்ற புதிரிலும் இதே குறைதான்.

மற்ற குறைகள்: அட்டைத் தாள் மெல்லியது, விளக்குக்கு எதிரே பிடித்தால் பின்பக்க விடை தெரிகிறது. "சந்திப்பு" என்ற சொல்லைச் சில அட்டைகள் எதிர்ப்படுவதற்கு மட்டும் வைத்துக்கொள்கின்றன, சில அட்டைகள் முந்துவதையும் சேர்த்துக்கொள்கின்றன. முதல் பக்கத்திலேயே பொருளை வரையறுத்திருக்கலாம். மதிப்பெண் தாள் ஒன்று வைத்திருக்கிறார்கள்; அதைத் தொடவேண்டாம். யார் முதலில் விடை சொல்வது என்று வந்துவிட்டால் காய் நகர்த்தும் பொறுமை போய்விடும், பெட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குமேல், பக்கத்தில் பெரியவர் ஒருவரும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். 31ஆம் அட்டையின் விடை சரியாக இருந்திருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.

கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்த அட்டையின் பின்பக்கத்தில், அச்சான விடையின் மேல் பையன் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கீழே குண்டு குண்டாக எழுதியிருக்கிறான்: "சராசரி வேகம். பாதி ஆள் அல்ல. 360 முறை நகர்த்திப் பார்த்தோம்."